தம்புராவை இரைச்சலென்று கொள்ளும் கருவி

சனி, ஞாயிறு நாள்களில் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகள் பலவற்றில் இசை வகுப்பு நடக்கும். ஆசிரியை கொழும்பில் இருப்பார். மாணவி ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருப்பாள். இடையே ஒரு மடிக்கணினியும் காணொளி அழைப்பும். சுருதிப்பெட்டியை முடுக்கிவிட்டு ஆசிரியை பாடத் தொடங்கிய சில செக்கன்களில் மறுமுனையில் தம்புரா ஒலி மங்கும். பிறகு அறவே மறையும். "சுருதி கேக்குதில்லை, ரீச்சர்" என்று பிள்ளை சொல்லும். பழியை இணைய இணைப்பின் தலையில் போட்டுவிட்டு வகுப்புத் தொடரும்.

இணைப்பின்மீது பிழையில்லை. காணொளி அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக்கென்றே ஆக்கப்பட்டவை. பேச்சு விட்டுவிட்டு எழுவது. அதன் ஒலிநிறம் கணந்தோறும் மாறுவது. மின்விசிறியின் ஓசையோ மாறாது நீடிப்பது. ஆகவே, நெடுநேரம் ஒரே நிலையில் நிற்கும் மீடிறன்களை இரைச்சல் என்று மதிப்பிட்டு, வரும் ஒலியிலிருந்து அவற்றைக் கழித்துவிடுகிறது மென்பொருள். இடையறாது ஒலிப்பதே தம்புராவின் சிறப்பு. அச்சிறப்பே அதற்கு வினையாகிறது. இரைச்சல் நீக்கத்தோடு இன்னும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பொறிமுறை, மெல்லப் பாடியதையும் உரக்கப் பாடியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். எதிரொலி நீக்கும் பொறிமுறை, இருவர் சேர்ந்து பாடினால் ஒருவர் குரலை நறுக்கிவிடும்.

இணைய உலாவி வழியே ஒலிவாங்கியைத் திறக்கும் செய்நிரல் இம்மூன்றையும் வேண்டாம் என்று கேட்கலாம். மூன்று சொற்களுக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினால், பெரும்பாலான கணினிகளில் தம்புரா திரும்பிவிடும். ஆனால் அதை எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது? இசை என்பது இன்னது என்னும் முடிவு ஒவ்வோர் இசை மென்பொருளுக்குள்ளும் எங்கோ ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கிறது. மூலநிரல் திறந்திருந்தால் அவ்வரியைத் தேடிப் பிடிக்கலாம், மாற்றலாம். மூடியிருந்தால் அதற்கேற்பப் பாடப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

உலாவி, எழுத்தையும் படத்தையும் காட்டப் பிறந்த கருவி. அதற்குள் ஒலியைத் தொகுப்பது நெடுங்காலம் பிளாஷ் என்ற செருகுநிரலின் தயவில் இருந்தது. ஆந்த்ரே மிஷெல் முதலியோர் ஆக்கிய ஓடியோடூல் என்னும் இணைய இசைக்கூடம் தொடக்கத்தில் அவ்வாறே இயங்கியது. 2010 இல் மொசில்லா நிறுவனத்தார் பயர்பொக்ஸ் உலாவியில் ஒலித்தரவை நேரடியாகக் கையாளும் வழியொன்றைச் சோதித்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் கூகுளின் கிறிஸ் ரோஜர்ஸ் வேறொரு வழியை வரைந்தார், அதுவே நிலைத்தது. 'வெப் ஓடியோ' என்ற அந்நெறி 2021 யூன் 17 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. பிளாஷ் 2020 இறுதியோடு ஓய்ந்தது. மிஷெல் இப்போது ஓப்பன்டோ என்ற திறந்த மூல இசைக்கூடத்தை உலாவிக்கென்றே கட்டிவருகிறார்.

வெப் ஓடியோவில் ஒவ்வொரு வேலையும் ஒரு கணு. ஒலியூற்று ஒன்று, வடிகட்டி ஒன்று, பெருக்கி ஒன்று. அவற்றை வரிசையாகத் தொடுத்து ஒலிபெருக்கியில் முடிக்கவேண்டும். தொடுப்பது எளிது. காலத்தோடு ஓடுவதுதான் கடினம். செக்கனுக்கு 48,000 மாதிரிகளாக எண்ணாக்கப்பட்ட ஒலியை உலாவி 128 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகக் கணிக்கிறது. அப்படியானால் ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் 2.67 மில்லிசெக்கன். அதற்குள் எல்லாக் கணுக்களின் கணக்கும் முடிந்து அடுத்த கட்டு ஆயத்தமாகவேண்டும். ஒருமுறை பிந்தினாலும் 'டிக்' என்று ஒரு வெடிப்பு விழும். திரைப்படத்தில் ஒரு சட்டகம் தவறினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது.

தொடக்கத்தில் செய்நிரலாளர் தாமே எழுதிய ஒலிக்கணிப்பு, உலாவியின் முதன்மை இழையிலேயே நடந்தது. திரையை வரைவதும் சொடுக்குகளைக் கேட்பதும் பயனற்றுப்போன நினைவிடத்தைத் துப்புரவாக்குவதும் அதே இழையின் வேலைகள். துப்புரவுப் பணி பத்து மில்லிசெக்கன் நீண்டால் மூன்று நான்கு கட்டுகள் பாழ். 2018 இல் குரோம் 66 ஆம் பதிப்போடு ஒலிக்கணிப்புக்குத் தனி இழை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே நான்கு பெரிய உலாவிகளும் வெப்அசெம்பிளியை ஏற்றிருந்தன. சி++ போன்ற மொழிகளில் எழுதிய பழைய நிரல்களையும் உலாவிக்குள் கொண்டுவர அது வழிதிறந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓடாசிற்றி என்ற புகழ்பெற்ற திறந்த மூல ஒலித்தொகுப்பியையே ஒருவர் அவ்வாறு உலாவிக்குள் குடியேற்றிவிட்டார்.

இடையில் ஓர் இடியும் விழுந்தது. 2018 சனவரியில், கணினி முறைவழியாக்கிகளின் அடித்தளத்திலேயே ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது வெளியாயிற்று. உடனே உலாவிகள், இழைகள் தமக்குள் பகிரும் நினைவிடத்தை மூடிவிட்டன. பிழை வன்பொருளுடையது, தண்டம் கட்டியவர்களுள் இசை மென்பொருளாளரும் அடக்கம். பிறகு கடுமையான தனிமைப்படுத்தல் விதிகளோடு அவ்வசதி மீண்டது. அதே ஆண்டில் மற்றொன்று: பயனர் சொடுக்காமல் ஒலி எழக்கூடாது என்ற விதியைக் குரோம் கொண்டுவர, நன்றாக ஒலித்துக்கொண்டிருந்த இசைப் பக்கங்கள் பல ஒரே நாளில் ஊமையாயின. எதிர்ப்புக் கிளம்பியதும் விதி பின்வாங்கியது. ஆண்டிறுதியில் மீண்டும் வந்தது. தானே கூவும் விளம்பரங்களை அடக்க வந்த விதி அது. அதன் நோக்கத்தில் குறைகாண முடியாது.

வெள்ளவத்தை வகுப்புக்கு வருவோம். ஆசிரியை பாட, ரொறன்ரோவில் ஒருவர் அதே நேரத்தில் மிருதங்கம் வாசிக்க இயலுமா? ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். மேடையில் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பவரின் வாசிப்பு பத்து மில்லிசெக்கனுக்குள் காதை எட்டும். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் ஓடும். போக மட்டுமே 70 மில்லிசெக்கன். அதாவது, மிருதங்கக்காரர் 24 மீற்றர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அவருடைய தட்டு பாடகிக்குக் கேட்கத் திரும்பிவரும் நேரத்தையும் சேர்த்தால் 48 மீற்றர். கடலடி வடங்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை என்பதால் உண்மையில் இது இன்னும் கூடும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தை விலைக்கு வாங்க முடியாது. ஆகவே, ஒருவர் பாடி அனுப்ப, மற்றவர் அதைக் கேட்டுத் தம் வாசிப்பை அதன்மேல் பதிந்து திருப்பி அனுப்புவதே ஏற்ற வழி. புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் காணொளி அழைப்பைவிட ஒலித்தொகுப்பு மென்பொருள் வேண்டப்படுவது இதனால்தான்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாட்டு ஒலிபெருக்கியை அடையச் சற்று நேரம், தட்டு ஒலிவாங்கி வழியே நிரலை அடையச் சற்று நேரம். இரண்டையும் அளந்து, பதிந்ததை அவ்வளவு முன்னே நகர்த்தாவிட்டால் வாசித்தவர் காலம் தவறியதாகத் தோன்றும். புளூடூத் காதணியில் பாட்டு காதை எட்டவே 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிந்தக்கூடும். அதை உலாவி எப்போதும் சரியாகச் சொல்வதுமில்லை. கம்பியுள்ள பழைய காதணியே சிறந்தது.

பொருள்வசதியும் கணக்கில் வரவேண்டும். மூன்று நிமிடப் பாட்டொன்று சுருக்கிய கோப்பாக 3 மெகாபைற்றுக்குள் அடங்கும். உலாவி அதை விரித்து, மாதிரி ஒவ்வொன்றுக்கும் நான்கு பைற்று வீதம் இரு தடங்களில் நினைவகத்தில் வைக்கும்போது 69 மெகாபைற்று ஆகிவிடுகிறது. அத்தகைய தடங்கள் பத்து இருந்தால் மலிவான கைபேசி மூச்சுத் திணறும். எனவே தேவையான துண்டை மட்டும் வட்டிலிருந்து எடுத்து விரிக்கவேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அதைக் கண்டவர் எழுதும் நிரல், இணைப்பின்றியும் இயங்கும், கேளாமலே சேமிக்கும்.

இனி, நான் மிக விரும்பும் பகுதி: சுருதி. 'மிடி' என்ற இசைக் குறிமுறை 1983 முதல் வழக்கில் உள்ளது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண். 69 ஆம் எண்ணுக்கு 440 ஹேர்ட்ஸ். ஒவ்வோர் எண் ஏறும்போதும் 2 இன் பன்னிரண்டாம் மூலமாகிய 1.05946 ஆல் பெருக்கவேண்டும். பெரும்பாலான இசை மென்பொருள்களில் இந்த ஒரு வரிதான் சுருதியை முடிவுசெய்கிறது. இதன்படி ஒரு தாயி பன்னிரண்டு சமகூறுகளாகிறது.

அவ்வரி என்ன செய்கிறது என்பதைக் காதால் அறியலாம். ஆதாரச் சட்சத்தை 240 ஹேர்ட்ஸ் என்று வைப்போம். இயற்கையான அந்தர காந்தாரம் அதன் ஒன்றேகால் பங்கு: 300 ஹேர்ட்ஸ். சமகூற்றுக் கணக்கிலோ 302.38. இரண்டரை ஹேர்ட்ஸ்கூட இல்லாத வேறுபாடு. யாருக்குக் கேட்கப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் சட்சத் தந்தியின் ஐந்தாம் இசையம் 1200 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. தம்புராவில் மீட்டாமலே எழும் காந்தாரம் அதுதான். சமகூற்றுக் காந்தாரத்தின் நான்காம் இசையம் 1209.5 இல் நிற்கும். இரண்டும் உரச, செக்கனுக்கு ஒன்பது பத்து அடிப்புகள் எழும். உயர்தர பௌதிக வகுப்பில் இசைக்கவைகளை வைத்துக் கேட்ட அதே அடிப்பு. பஞ்சமத்தில் இத்துன்பம் இல்லை. அங்கே சமகூறு செக்கனுக்கு ஓர் அடிப்பைக்கூட எழுப்பாது. விசைப்பலகையோடு பாடும் பிள்ளை பஞ்சமத்தில் சரியாக நின்று, காந்தாரத்தில் ஒரு மயிரிழை ஏறி நிற்பது இதன் விளைவாகலாம்.

தாயியை எப்படிக் கூறிடுவது என்பது தமிழில் பழைய வழக்கு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1916 இல் பரோடா இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்து, 1917 இல் கருணாமிர்த சாகரத்தில் விரித்தெழுதினார். தாயியில் சமமான 24 அலகுகள் உண்டு என்பது அவர் முடிபு. சிலப்பதிகார மரபு ஏழு நரம்புகளுக்கும் நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என்று பகிரும் அலகுகளைக் கூட்டினால் 22 வரும். அந்நெறியைக் கணிதத்தால் ஆராய்ந்தவர் விபுலாநந்த அடிகள். காரைதீவில் 1892 இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டம் பெற்று, இராமகிருஷ்ண மிஷன் துறவியாகி, 1943 இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். அவருடைய யாழ் நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947 இல் வெளியிட்டது. அவ்வாண்டு யூலை 19 இல் அவர் கொழும்பில் காலமானார். வழக்கொழிந்த யாழ்களின் நரம்புகளை எண்களிலிருந்து மீட்டெடுத்த அந்த அறிஞரின் கைக்கு எட்டாமற்போனது, எண்ணைக் கொடுத்தவுடன் ஒலித்துக்காட்டும் கருவி ஒன்றுதான்.

இன்று அது ஓர் உலாவிச் சாளரத்தில் கிடைக்கிறது. வால்ட்டர் பெண்டரின் சுகர் லாப்ஸ் அமைப்பு, இசைஞர் டெவின் உலிபாரியோடு சேர்ந்து வளர்த்த 'மியூசிக் புளொக்ஸ்' சிறுவர்க்கான திறந்த மூல மென்பொருள். அதில் தாயியைக் கூறிடும் முறையை மாற்றுவதற்கென்றே ஒரு கருவி உண்டு: சமகூறு, இயற்கைப் பின்னம், பிதாகரசு முறை முதலியவற்றோடு பயனர் தாமே எண்களை இடவும் இடமுண்டு. பண்டிதரின் 24 ஐ இடது சாளரத்திலும் 22 அலகை வலது சாளரத்திலும் வைத்து மாறிமாறிக் கேட்கலாம். விலைக்கு விற்கும் சில மென்பொருள்களிலும் சுருதிப் பட்டியல் மாற்றும் வசதி உண்டு; ஆனால் தந்தவர் விதித்த எல்லையோடு அது நின்றுவிடும்.

சமகூறு தீயது என்று சொல்வது என் கருத்தன்று. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அத்தடை நீடித்தது. அளவுமீறிய தூய்மை வேட்கை அது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த நம் பொப்பிசை கித்தாரின் சமகூற்றுக் கட்டைகளில் பிறந்ததுதான். அதில் எவர் காதும் நோகவில்லை. கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்துப் பாட்டும் கோயில் நாதசுரமும் சில வீதிகள் இடைவெளியில் ஒலிக்கின்றன. ஒன்றுக்குச் சமகூறு வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம். இரண்டையும் தொகுக்கும் மென்பொருள், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பட்டியலை ஏற்கவேண்டும், அவ்வளவே.

பட்டியலால் தீராத ஒன்று கமகம். தோடியின் காந்தாரத்துக்குப் பட்டியலில் ஓர் எண் தேடுவது வீண். அது ஓரிடத்தில் நிற்பதில்லை, இரண்டு சுரங்களுக்கிடையே ஆடுவது. 22 ஆ 24 ஆ என்ற வழக்கின் வலு இங்கே பாதிக்குமேல் குறைந்துவிடுகிறது என்றே நினைக்கிறேன். மிடியில் சுருதியை வளைக்க 16,384 படிகள் உண்டு, நுட்பத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வளைவு ஒரு தடத்தின் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். சுரத்துக்கொரு தடம் கொடுக்கும் விரிவு 2018 இல்தான் ஏற்கப்பட்டது. வெப் ஓடியோ இதில் தாராளமானது: எண்களின் வரிசையொன்றைக் கொடுத்தால் மீடிறனை அதன்வழியே நடத்தும். பாடகியின் குரலிலிருந்து மீடிறன் வளைவைப் பிரித்தெடுத்து வேறொரு கருவியின் ஒலிக்குச் சூட்டலாம். ஏற்ற இறக்கத்தைப் பெருக்கல் விகிதத்தில் நடத்தும் கட்டளையும் உண்டு. காதும் விகிதத்தையே உணர்கிறது. அக்கட்டளையில் இலக்காகச் சுழியம் கொடுத்தால் மட்டும் உலாவி மறுத்துவிடும், பெருக்கிப் பெருக்கிச் சுழியத்தை அடைய முடியாதாகையால். ஒலியை முற்றாக அடக்க நினைத்துப் புதியவர் பலர் முதல் நாளில் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இவற்றைச் செய்யக் கொழும்பில் ஆளில்லை என்று சொல்ல முடியாது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே போனால் கட்டுபெத்தையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். திறந்த மூல நிரலெழுதும் மாணவர்க்கெனக் கூகுள் தொடங்கிய கோடைத் திட்டத்தில், மிகுதியான மாணவரை அனுப்பி உலகில் முதலிடம் பெற்ற பல்கலைக்கழகம் அது. 2003 இல் தொடங்கிய லங்கா மென்பொருள் நிறுவகம், 2004 ஆழிப்பேரலையின் அழிவுக்கிடையே பிறந்து பிற நாடுகளும் எடுத்தாண்ட சகானா இடர்முகாமை மென்பொருள் ஆகியவையும் இம்மண்ணின் ஆக்கங்களே. இல்லாதது சந்திப்பு. நிரலெழுதத் தெரிந்தவருக்குத் தோடி தெரியாது. தோடி தெரிந்த ஆசிரியைக்கு, தம் குறையை ஒரு நிரல்வரியாகச் சொல்லலாம் என்பது தெரியாது. தமிழ் ஆர்வலர் கைவைத்தால் முதலில் பட்டிகளைத் தமிழாக்கிவிட்டு மனநிறைவோடு எழுந்துவிடுகிறார்கள். பொத்தானின் பெயர் தமிழாயிற்று. அதை அழுத்தினால் எழும் காந்தாரம் இன்னும் 302.38 இலேயே நிற்கிறது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவருக்கு நான் சுருதியைக் காட்டமாட்டேன், தாளத்தைக் காட்டுவேன். அது எளிது, பயன் உடனே தெரியும். இசை மென்பொருள்கள் ஓர் அடியைப் பல நுண்கூறுகளாக வகுத்து, சுரங்களை அக்கூறுகளில் நிறுத்துகின்றன. வழக்கமான எண் 480. அது மூன்றாலும் நான்காலும் ஐந்தாலும் மீதியின்றி வகுபடும். திசுரம், சதுசுரம், கண்டம் ஆகிய நடைகள் தப்பின. ஏழாலும் ஒன்பதாலும் வகுபடாது. மிசிர நடையில் ஒரு கூறு 68.57, அதை 69 ஆக்கி ஏழுமுறை கூட்டினால் 483. அடிக்கு மூன்று நுண்கூறு மிகை. ஆதி தாளத்தின் எட்டு அடிகள் முடியும்போது 24; நிமிடத்துக்கு 60 அடி என்ற காலத்தில் அது 50 மில்லிசெக்கன். மிருதங்கக்காரர் ஒருவரும் அதைப் பொறுக்கமாட்டார். 480 ஐ 21 ஆல் பெருக்கினால் 10,080 வரும். அது ஐந்து நடைகளுக்கும் மீதியின்றி வகுபடும். பழைய கோப்புகளில் உள்ள எண்களையும் 21 ஆல் பெருக்கினால் ஒன்றும் சிதையாது. 960 வைத்திருக்கும் மென்பொருளுக்கு 20,160. மிடிக் கோப்பில் இவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32,767 வரை கொள்ளும்.